ஜெலாட்டோ கடை போடப்போகிறவர்களே, கண்ணாடியைப் பார்க்கும் முன் தகட்டைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த இரண்டு மாதத்துக்குள் மூன்று பேர் என் கடைக்கு வந்து, ஜெலாட்டோ (ஐஸ்கிறீம் போன்ற இத்தாலிய இனிப்பு) வைத்து விற்கும் குளிர்ப்பெட்டியின் படத்தைப் போனில் நீட்டி, "அண்ணா, இந்தப் பெட்டியை எடுக்கலாமா?" என்று கேட்டுவிட்டார்கள். மூன்று படத்திலும் கிட்டத்தட்ட ஒரே பெட்டிதான். வளைந்த கண்ணாடி, உள்ளே பளீரென்ற வெளிச்சம், ட்ரேக்கு மேல் ஒரு சாண் உயரத்துக்குக் குவித்து வைத்த ஜெலாட்டோ, அதன் உச்சியில் வெட்டிய பழம். அதில் ஒரு தம்பி முற்பணம் கட்டிவிட்டுத்தான் கேட்க வந்திருந்தார். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து இரண்டு மணி நேரம் கதைத்தேன். அவரிடம் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஏப்ரலில் ஆட்கள் வரத் தொடங்கிவிடுவார்கள், அதற்குள் கடை திறந்துவிட வேண்டும் என்று இப்போது பலர் காசு புரட்டிக்கொண்டு திரிகிறார்கள். பெட்டிக்குக் காசு கொடுக்கும் முன் அவர்கள் கண்ணில் இது பட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

நான் பலெர்மோவில் ஒன்பது வருடம் இருந்தவன். இத்தாலியில், சிசிலித் தீவின் அந்த நகரத்தில் நம் ஆட்கள் நிறையப் பேர். பெல்லெக்ரினோ மலையில் இருக்கும் சாந்தா றோசாலியா கோயிலுக்கு, சைவர் கத்தோலிக்கர் என்ற வேறுபாடில்லாமல் தமிழ்ச் சனம் ஏறிப்போவதை அங்கே போனவர்கள் பார்த்திருப்பார்கள். அங்கே ஒரு ஜெலாட்டோ கடையின் பின்கட்டில் ட்ரே கழுவப் போய், பால் காய்ச்சப் பழகி, கடைசி நான்கு வருடம் மெஷினில் நின்றேன். 2022 கடைசியில் ஊருக்கு வந்து, 2023 ஏப்ரலில் உப்புவெளியில் கடை திறந்தேன். ஜெலாட்டோ செய்யத் தெரியும், பெட்டி வாங்கத் தெரியாது. அங்கே பெட்டி முதலாளி வாங்கி வைத்தது. காலையில் சுவிட்சைப் போட்டால் குளிரும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

நான் வாங்கியது ஐரோப்பாவிலிருந்து கொள்கலனில் வந்த பாவித்த பெட்டி, 12 ட்ரே. கொழும்பில் விற்றவர் ஏசி போட்ட ஹோலில் ஓடவிட்டுக் காட்டினார். மைனஸ் 16 என்று சிவப்பு எழுத்தில் மின்னியது. கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. இரண்டு நாள் யோசித்து, மனைவியின் நகையையும் வைத்து, எடுத்துவிட்டேன். லொறியில் ஏற்றி 260 கிலோமீற்றர் கொண்டுவந்து இறக்கின அன்று வாசலில் தேங்காய் உடைத்தோம்.

ஏப்ரல் பரவாயில்லாமல் போனது. மே நடுப்பகுதியில் சூடான கச்சான் காற்று எழும்பியதும் எல்லாம் மாறியது. பகல் இரண்டு மணிக்கு முன்வரிசை ட்ரேக்கள் களியாகிவிடும், பின்வரிசை கரண்டி இறங்காத கல்லாக இருக்கும். எலுமிச்சை ட்ரேயின் ஓரமெல்லாம் தண்ணீர். பின்னேரம் கடற்காற்று வந்ததும் கண்ணாடி முழுக்க வேர்த்துவிடும், வெளியே நிற்கும் சனத்துக்கு உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாது, நான் துணியோடு துடைத்துக்கொண்டே நிற்பேன். இரவு சூடு தணிந்ததும் இளகினதெல்லாம் திரும்ப உறையும். அடுத்த நாள் காலையில் அதையே வாயில் வைத்தால் ஐஸ் நறநறவென்று கடிபடும். ஜெலாட்டோவில் உள்ள தண்ணீர் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் பளிங்குகளாக உறைந்திருப்பதால்தான் அது நாக்கில் வழுக்கிக்கொண்டு போகிறது. இளகி மறுபடி உறையும்போது சின்னப் பளிங்குகள் கரைந்து, அந்தத் தண்ணீர் மிஞ்சிய பளிங்குகளில் ஒட்டி அவற்றைப் பெரிதாக்கிவிடும். அப்படி ஆன ட்ரேயைப் பெட்டிக்குள் வைத்து எவ்வளவு குளிரூட்டினாலும் பழைய பதம் வராது.

மூன்று கிழமை நான் என் கையைத்தான் சந்தேகப்பட்டேன். சீனியைக் குறைத்தேன், பகலில் கொஞ்சம் தாங்கியது, இரவில் செங்கல்லானது. பால்மாவைக் கூட்டினேன், வாயில் ஒட்டியது. ஒரு தாய் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்த கப்பைத் திருப்பிக் கொண்டுவந்து, "தம்பி, இது உடைஞ்ச ஐஸ்பழம் மாதிரிக் கிடக்கு" என்று சத்தம் போடாமல் சொல்லி வைத்துவிட்டுப் போனார். அது இன்னும் காதில் நிற்கிறது.

கடைசியில், கொட்பேப் பக்கம் மீன் ஐஸ் அறைகள் திருத்தும் ஒரு மெக்கானிக் அண்ணையைக் கூட்டிவந்தேன். குளிரூட்டும் கேஸ் பார்த்தார், சரி. கம்ப்ரசர் பார்த்தார், அதுவும் சரி. பிறகு தரையில் படுத்து, டோர்ச் அடித்து, பின்பக்கக் கீழ் மூலையில் ஒட்டியிருந்த சின்னத் தகட்டை வாசித்தார். வோல்ட், வொட், கேஸின் பெயர், எத்தனை கிராம் என்ற கணக்கு, அதற்கெல்லாம் கீழே காலநிலை வகுப்பு என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, பக்கத்தில் 3. அதன் அர்த்தம் அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பலெர்மோவில் பழைய முதலாளிக்குப் போன் எடுத்தேன். "மூன்றா?" என்று கேட்டுவிட்டு அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை.

கடைகளில் வைக்கும் குளிர்ப்பெட்டிகளைச் சோதிப்பதற்கு ஐஎஸ்ஓ 23953 என்ற சர்வதேசத் தரம் இருக்கிறது. பெட்டியை எவ்வளவு சூடும் ஈரப்பதமும் உள்ள அறையில் வைத்துச் சோதித்தார்கள் என்பதைத்தான் அந்த வகுப்பு இலக்கம் சொல்கிறது. வகுப்பு 3 என்றால் 25 பாகை செல்சியஸ், 60 வீத ஈரப்பதம். வகுப்பு 4 என்றால் 30 பாகை, 55 வீதம். வகுப்பு 5 என்பது 40 பாகை, 40 வீதம். வகுப்பு 7 என்பது 35 பாகை, 75 வீதம். இலக்கம் கூடக் கூடச் சூடு கூடும் என்று நினைத்துவிட வேண்டாம், வகுப்பு 6 வெறும் 27 பாகைதான், ஈரப்பதம் 70 வீதம். அதாவது என் பெட்டி 25 பாகை அறையில் நிற்பதற்கென்று செய்த பெட்டி. அதைக் கொண்டுவந்து முன்பக்கம் திறந்த கடையில், மே மாத வெயிலில், கடலுக்கு முன்னால் வைத்தது நான். பெட்டியில் ஒரு பிழையும் இல்லை.

நம்முடைய ஊருக்கு எது பொருந்தும்? மே முதல் ஓகஸ்ட் வரை இங்கே பகலில் 34, 35 பாகை சாதாரணம். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மறுபக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்து சூடேறி நம் பக்கம் இறங்குவதுதான் கச்சான். அது வீசும் பகலில் காற்றில் ஈரம் குறைவு. பின்னேரம் கடற்காற்று திரும்பினால் ஈரம் ஏறிவிடும். ஒக்டோபருக்குப் பிறகு வாடைக்காற்றும் மழையும் வந்தால் சூடு குறைவு, ஈரம் அதிகம். ஆக இந்த எல்லாவற்றையும் தாங்குகிற பெட்டி வேண்டும். என் அபிப்பிராயம் இது: ஏசி இல்லாத, முன்பக்கம் திறந்த கடையென்றால் வகுப்பு 7 தவிர வேறு எதையும் பார்க்கவே வேண்டாம், எவ்வளவு மலிவாக வந்தாலும். கதவு வைத்து, ஏசி போட்டு, கடையை எப்போதும் 26 பாகைக்குள் வைத்திருக்க முடியுமென்றால் வகுப்பு 4 போதும். ஆனால் அப்போது அந்த ஏசியும் அதன் கரண்ட் பில்லும் பெட்டியின் விலைதான் என்று எண்ணிக்கொள்ளுங்கள். இன்னொன்று, பெட்டி உள்ளேயிருந்து எடுக்கும் சூட்டையும் கம்ப்ரசரின் சூட்டையும் சேர்த்து உங்கள் கடைக்குள்ளேயே ஊதும். ஏசி போடுகிறவரிடம் அறையின் நீள அகலத்தை மட்டும் சொன்னால் அவர் சின்ன ஏசியைத்தான் போடுவார். பெட்டி எத்தனை வொட் என்பதையும் சொல்லுங்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அந்தத் தம்பி, "அண்ணா, ஐஸ்கிறீம் கம்பனிகள் கடைகளுக்குக் கொடுக்கிற மேல்மூடி ஃபிரீசர் ஒன்றை வாங்கினால் பிரச்சினை முடிஞ்சுதே" என்றார். முடியாது. ஐஸ்கிறீமை மைனஸ் 18இல் வைப்பார்கள், அதில் காற்று நிறைய அடைத்திருப்பதால் அந்தக் குளிரிலும் கரண்டி இறங்கும். சில ஐஸ்கிறீம்களில் பாதிக்குப் பாதி காற்றுதான். ஜெலாட்டோவில் காற்றும் குறைவு, பால் கொழுப்பும் குறைவு, அதனால் அதை மைனஸ் 12, 14 பாகையில் வைத்துப் பரிமாற வேண்டும். மைனஸ் 18இல் வைத்தால் அது கல், வாயில் போட்டாலும் நாக்கு மரத்துப்போய் சுவை தெரியாது. மைனஸ் 9க்கு ஏறினால் கூழ். நடுவில் இருக்கிற அந்த மூன்று நான்கு பாகைக்குள் பகல் முழுக்க நிறுத்தி வைப்பதுதான் பெட்டியின் வேலை. அந்த ஒரு வேலைக்குத்தான் இவ்வளவு காசு.

அப்புறம், கண்ணாடிப் பெட்டிக்கு உறைய வைக்கத் தெரியாது, உறைந்ததைக் காக்க மட்டும்தான் தெரியும். மெஷினிலிருந்து ஜெலாட்டோ மைனஸ் 8 போல வரும். அதை அப்படியே பெட்டிக்குள் வைத்தால் பக்கத்து ட்ரேக்களும் சேர்ந்து இளகும். முதலில் வேகமாக உறைய வைக்கும் ஃபிரீசரில் வைத்து இறுக்கிவிட்டுத்தான் பெட்டிக்கு மாற்ற வேண்டும். இரவில் மிச்சத்தைப் பெட்டியிலேயே விட்டுவிட்டுப் போகவும் கூடாது; மூடி போட்டு, மைனஸ் 18இல் ஓடும் வேறு ஃபிரீசருக்கு எடுத்து வையுங்கள். கையில் இருக்கிற காசு முழுவதையும் கண்ணாடிப் பெட்டியில் கொட்டிவிட்டு, பின்னால் நிற்க வேண்டிய இந்த இரண்டு ஃபிரீசருக்கும் காசில்லாமல் நின்றவர்களை எனக்குத் தெரியும்.

பெட்டிகளில் இரண்டு விதம். ஒன்றில் சுவர்களுக்குள் குழாய் ஓடும், உள்ளே விசிறி இல்லை. விலை குறைவு, திருத்துவது சுலபம், ஆனால் அடியில் ஒரு குளிர், மேலே ஒரு குளிர், சுவரில் ஐஸ் பிடித்துக்கொண்டே போகும், கிழமைக்கொரு முறை நிறுத்திச் சுரண்ட வேண்டும். மற்றதில் விசிறி குளிர்காற்றைப் பின்பக்கமிருந்து எடுத்து ட்ரேக்களின் மேலால் போர்வை மாதிரி ஓடவிட்டு முன்பக்கத்தில் திரும்ப உறிஞ்சும். ஜெலாட்டோவைக் கண்ணாடிக்குள் காட்டி விற்க வேண்டுமென்றால் இந்த இரண்டாவதுதான் வேண்டும்.

ஆனால் அந்தக் காற்றுப் போர்வை மிகவும் மெல்லியது. ட்ரேயின் விளிம்புக்குக் கொஞ்சம் மேலே வரைதான் அது போகும். படங்களில் பார்க்கிற மாதிரி மலையாகக் குவித்தால் மலையின் உச்சி குளிருக்கு வெளியே நிற்கும், முதலில் இளகுவதும் அதுதான். நம் ஊர்க் கடைகளில் இன்னொன்றும் இருக்கிறது, அதை இத்தாலிக்காரர் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானே பட்டுத்தான் அறிந்தேன்: பெட்டிக்கு நேர் மேலே சீலிங் ஃபேன். சனத்துக்கு வேர்க்கக் கூடாதென்று நான் அதை முழு வேகத்தில் ஓடவிட்டிருந்தேன். அது மேலிருந்து கடையின் சூடான காற்றை அந்தப் போர்வைக்குள் அடித்துக்கொண்டே இருந்தது. ஃபேனை நிறுத்திய அன்றே, அந்தப் பழைய பெட்டியிலேயே, முன்வரிசை இரண்டு பாகை இறங்கியது. வாசல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதும் அப்படித்தான். மேற்குப் பார்த்த வாசலென்றால் கச்சானும் பின்னேர வெயிலும் நேராக உள்ளே வரும். வெயில் கண்ணாடிக்குள் விழுந்தால் எந்த வகுப்புப் பெட்டியாலும் தாங்க முடியாது. பெட்டி வாங்குவதற்கு முன் கடையின் தரையில் சோக்கட்டியால் அதன் அளவைக் கீறி, காலை பத்து மணிக்கும் பகல் இரண்டு மணிக்கும் பின்னேரம் ஐந்து மணிக்கும் வெயில் எங்கே விழுகிறது, காற்று எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஒரு சதம் செலவில்லை.

கண்ணாடி வேர்ப்பது ஏன் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். 32 பாகைச் சூட்டில் 75 வீத ஈரம் இருந்தால், 27 பாகைக்குக் குறைந்த எந்த மேற்பரப்பிலும் தண்ணீர் கட்டும். இரவில் சோடாப் போத்தல் வேர்க்கிற அதே விஷயம். மைனஸ் 14இல் உள்ள பெட்டியின் ஒற்றைக் கண்ணாடி 27 பாகையில் நிற்காது. அதனால் இரட்டைக் கண்ணாடியும், முன்கண்ணாடியை இலேசாகச் சூடாக்கும் கம்பியோ சூடான காற்றோ உள்ள பெட்டியைக் கேளுங்கள். விற்பவர் "துடைத்தால் போகும்" என்று சொன்னால், பின்னேரம் ஆறிலிருந்து ஒன்பது வரை, வியாபாரம் நடக்கும் அந்த மூன்று மணி நேரமும் நீங்கள் துணியோடுதான் நிற்பீர்கள். ஈரம் கூடினால் உள்ளே குழாயில் உறைபனியும் கூடும், பெட்டி அதைத் தானாக உருக்கிவிடும், அந்தத் தண்ணீர் அடித்தட்டில் சேரும். மழைக்காலத்தில் அந்தத் தட்டு நிரம்பி வழியும். தண்ணீர் போக ஒரு குழாய் வைக்க வசதி உள்ள பெட்டியாகப் பாருங்கள். விளக்கு எல்ஈடியாக இருந்தால் போதும், மற்றது சூடு.

இனி நான் மனதாரச் சொல்ல விரும்புவது. கண்ணாடியே வேண்டாம் என்று ஒரு வழி இருக்கிறது. இத்தாலியில் பழைய கடைகளில் பொசெட்டி என்று ஒன்று வைத்திருப்பார்கள், சின்னக் கிணறுகள் என்று அர்த்தம். கவுண்டருக்குள் வட்ட வட்டமாகக் குழிகள், ஒவ்வொன்றிலும் ஆழமான சில்வர் பாத்திரம், மேலே மூடி. நாலு பக்கமும் குளிர், வெளிச்சம் படாது, காற்றுப் படாது. சில வகைகளில் ஒரு குழிக்குள் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பாத்திரம் வைக்கலாம், மேலே உள்ளது முடிந்ததும் கீழே உள்ளதை எடுத்தால் சரி. கரண்ட் போனால் கண்ணாடிப் பெட்டியை விட நெடுநேரம் தாங்கும், ஓடும்போதும் குறைவாகத்தான் இழுக்கும். நம்முடைய சூட்டுக்கும் ஈரத்துக்கும் மின்வெட்டுக்கும் இதைவிடப் பொருத்தமானது வேறில்லை என்று நான் நம்புகிறேன்.

"கண்ணில் தெரியாததை யார் வாங்குவார்கள்?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, பிள்ளைகள் நிறத்தைப் பார்த்துத்தான் கை நீட்டும். அதற்காக நான் செய்தது: 2024 சீசனுக்கு முன் பழைய பெட்டியை ஏசி உள்ள ஓர் இடத்துக்கு விற்றுவிட்டு, 6 ட்ரே கொண்ட சின்னக் கண்ணாடிப் பெட்டி ஒன்றும் (வகுப்பு 7) 8 குழி உள்ள பொசெட்டி ஒன்றும் எடுத்தேன். கண்ணாடிக்குள் மாம்பழம், சொக்லேட், பப்பாசி மாதிரி நிறமுள்ளவை. குழிக்குள் கிண்ணியா எருமைத் தயிர், பனங்கட்டி, விளாம்பழம், தேங்காய்ப்பால். இவை பார்வைக்கு வெள்ளையும் மண்ணிறமும்தான், கண்ணாடிக்குள் வைத்தாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் மூடியைத் திறந்து ஒரு சின்னக் கரண்டியில் நீட்டினால் பத்தில் ஏழு எட்டுப் பேர் அதையே கேட்கிறார்கள். தயிர்க் குழியைத் தேடி கிண்ணியாவிலிருந்தே ஆட்கள் வருகிறார்கள், அதைப் பார்க்க எனக்கு எவ்வளவு சந்தோசம் என்று எழுத முடியாது. மூன்று மொழியிலும் பெயர் எழுதிய பலகையை மேலே தொங்கவிட்டிருக்கிறேன். கண்ணாடிப் பெட்டி எடுப்பவர்கள் உயரத்தையும் பாருங்கள், ஆறு வயதுப் பிள்ளைக்கு உள்ளே தெரிய வேண்டும். தூக்கிக் காட்டச் சொல்லி அழும் பிள்ளையோடு தாய் கடைக்குள் நிற்க மாட்டார்.

பனங்கட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் சாதாரணச் சீனியோடு குளுக்கோசும் பிரக்டோசும் கொஞ்சம் இருப்பதால் அதே குளிரில் மற்றவற்றை விட இளக்கமாக நிற்கும். ஒரே பெட்டிக்குள் எல்லா ட்ரேக்கும் ஒரே குளிர்தான், ஆகவே பெட்டிக்கு ஏற்ற மாதிரி ஒவ்வொன்றின் இனிப்பையும் சரிக்கட்ட வேண்டும். பெட்டி பகலில் ஒரு குளிரும் இரவில் ஒரு குளிருமாக ஆடினால் எந்தக் கணக்கும் நிற்காது, நான் மூன்று கிழமை அலைந்தது அதனால்தான்.

எத்தனை ட்ரே? படம் காட்டிய மூவரும் 18, 24 என்றுதான் கேட்டார்கள். வழக்கமான ஒரு ட்ரே 36 சென்ரிமீற்றர் நீளம், 16.5 அகலம், ஐந்து லீற்றர் பிடிக்கும். ஒரு ட்ரேயில் சின்னக் கப் 45, 50 வரும். 24 ட்ரேயென்றால் ஆயிரம் கப்புக்கு மேல். ஓகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விற்கலாம். நவம்பர் மழையில், நிலாவெளி றோட்டில் ஆளே இல்லாத கிழமைகளில், அந்த 24 ட்ரேயையும் குளிராக வைத்திருக்க அதே கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். பெரிய ஒன்றை விடச் சின்ன இரண்டு நல்லது, சீசன் முடிந்ததும் ஒன்றை நிறுத்தி வைக்கலாம், ஒன்று பழுதானால் மற்றதில் கடை ஓடும்.

கரண்டைப் பற்றி. நம்முடையது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். கொரியாவிலிருந்து வரும் பாவித்த பெட்டிகளில் 220 வோல்ட் என்று இருக்கும், பார்த்தால் சரி போலத் தெரியும், ஆனால் அங்கே 60 ஹேர்ட்ஸ். இங்கே அதன் கம்ப்ரசர் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும், குளிர் குறையும், மோட்டர் சூடேறும். தகட்டில் அதையும் பாருங்கள். கரண்ட் போய் வந்தவுடனே கம்ப்ரசர் எழும்பாமல் மூன்று நான்கு நிமிடம் பிந்தி எழும்பவைக்கும் கருவி ஒன்றைக் கட்டாயம் போடுங்கள். ஜெனரேட்டர் எடுப்பவர்கள், கம்ப்ரசர் எழும்பும் நொடியில் ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு இழுக்கும் என்பதை மனதில் வைத்து எடுங்கள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை வெட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுக்கக் கரண்ட் போனபோது எனக்கு ஜெனரேட்டர் இருக்கவில்லை. குழிகளை மூடியபடியே விட்டேன், ஒருவரையும் திறக்க விடவில்லை. கண்ணாடிப் பெட்டியில் இருந்த ஆறு ட்ரேயையும் மீன் அனுப்பும் ரெஜிஃபோம் பெட்டிகளுக்குள் இறக்கி, சுற்றி வர மூன்று பங்கு நொருக்கிய ஐஸுக்கு ஒரு பங்கு உப்புக் கலந்து நிரப்பினேன். ஐஸில் உப்புப் போட்டால் அந்தக் கலவை மைனஸ் 21 பாகை வரை இறங்கும். மெஷின் வருவதற்கு முன் சிசிலியில் எட்னா எரிமலையின் பனியையும் கடல் உப்பையும் வைத்து இப்படித்தான் உறைய வைத்தார்கள். நமக்கு ஐஸ் மீன்வாடியில் இருக்கிறது, உப்பு நிலாவெளி உப்பளத்தில் இருக்கிறது. பின்னேரம் கரண்ட் வந்தபோது ஒரு ட்ரேயும் வீணாகவில்லை.

அந்த உப்புதான் பெட்டியையும் தின்னும். கடலுக்குப் பக்கத்தில், பெட்டியின் சூட்டை வெளியே விடும் கண்டென்சரின் மெல்லிய அலுமினியத் தகடுகள் உப்புக்காற்றில் வெள்ளையாகப் பூத்து உதிரும். பூச்சுப் பூசிய கண்டென்சர் உண்டா என்று கேளுங்கள், கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பெறுமதி. மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள். உள்ளே என்ன கேஸ் என்பதும் முக்கியம். பழைய பெட்டிகளில் ஆர் 404ஏ, புதியவற்றில் பெரும்பாலும் ஆர் 290, அதாவது புரொப்பேன். முன்னையது பூமியைச் சூடாக்குவதில் காபனீரொட்சைட்டைப் போல 3922 மடங்கு, அதனால் உலகம் முழுக்க அதைக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள், வருங்காலத்தில் கிடைப்பதும் கஷ்டமாகும். பின்னையது நல்லது, கரண்டும் மிச்சம், ஆனால் தீப்பற்றும். பழக்கமில்லாதவர் கையில் அதைத் திறக்கக் கொடுக்காதீர்கள். கையெழுத்துப் போடும் முன் விற்பவரிடம், "பழுதானால் யார் வருவார், எத்தனை நாளில் வருவார்?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கொழும்பிலிருந்து ஆள் வரும்வரை ஜெலாட்டோ காத்திருக்காது.

இறக்குமதி செய்து விற்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். விலைப்பட்டியலில் நீளம், அகலம், நிறம் எல்லாம் எழுதுகிறீர்கள்; காலநிலை வகுப்பையும் ஒரு வரியில் எழுதுங்கள். நகையை வைத்து வாங்க வருகிறவர்களுக்கு அந்த ஒரு இலக்கம் தெரிந்திருக்க வேண்டும். குளிரூட்டல் படிப்பிக்கும் ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் மாணவர்களை இரண்டு மூன்று பேராக என் கடைக்கு அனுப்புங்கள். பெட்டியைக் கழற்றிக் காட்ட அந்த மெக்கானிக் அண்ணையும் சம்மதித்திருக்கிறார்.

மற்றவர்கள் பின்னேரம் மூன்று மணிக்கு வாருங்கள், சூடு நன்றாக ஏறியிருக்கும். பெட்டியில் மின்னும் இலக்கத்தை நம்பாமல், குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து ட்ரேயின் நடுவிலும் ஓரத்திலும் நீங்களே குத்திப் பாருங்கள். வாங்கப்போகும் பெட்டியையும் விற்பவரிடம் ட்ரேக்களை நிரப்பி, ஏசியை நிறுத்தி, கதவைத் திறந்து வைத்து இப்படியே காட்டச் சொல்லுங்கள். முற்பணம் கட்டிய தம்பி விற்பவரிடம் தகட்டின் படத்தை அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறார். இன்னும் பதில் வரவில்லை. வந்ததும் சேர்ந்து வாசிப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஜெலாட்டோ கடைக்காரன்,
உப்புவெளி, திருகோணமலை.